அப்டேட்டுக்குப் பின் கணினி தொடங்கவில்லையா? ஃபார்மட் கடைசி வழி

இரவு கணினியை அணைக்கும்போது அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் கணினி தொடங்கவில்லை. நமது அறக்கட்டளையின் கணினிப் பயிற்சி மையத்தில் அடிக்கடி கேட்கும் முறையீடு இது. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் காலத்தில் மாணவர்களும், ஜிஎஸ்டி கணக்குக் கொடுக்கும் 20ஆம் தேதி நெருங்கும்போது வியாபாரிகளும் இதே கவலையோடு வருகிறார்கள்.

பழுதுபார்க்கும் கடைகள் பலவற்றில் இதற்கு ஒரே பதில்தான் கிடைக்கிறது: "ஃபார்மட் போட்டுவிடலாம்." ஒரு மணி நேரத்தில் கணினி புதிதுபோல் ஓடும். ஆனால் ஸ்கேன் செய்து வைத்த சான்றிதழ்கள், இறுதியாண்டு புராஜெக்ட், மூன்று வருடக் கடைக்கணக்கு, குடும்பப் படங்கள் எல்லாம் போய்விடும். இப்படி இழந்த பிறகு எங்களிடம் வந்தவர்கள் உண்டு. அவர்களில் பெரும்பாலோருடைய கோப்புகள் ஃபார்மட் போடும் நிமிடம் வரை டிஸ்க்கில் பத்திரமாகவே இருந்திருக்கும்.

இந்தப் பாடத்தின் சாரம் இதுதான். அப்டேட் தடைப்பட்டால் பெரும்பாலும் கெடுவது விண்டோஸ் தொடங்கும் வழி மட்டுமே. நம் கோப்புகள் அல்ல. கோப்புகள் அழிவது அவசரமாகச் செய்யும் பழுதுபார்ப்பில்தான். ஆகவே எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்ற வரிசையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கணினி தொடங்கும் வரிசை

பொத்தானை அழுத்தியதும் மின்சாரம் பாய்கிறது. முதலில் மதர்போர்டில் உள்ள பயாஸ் விழித்து, நினைவகம், டிஸ்க், விசைப்பலகை இருக்கின்றனவா என்று பார்க்கிறது. கணினி தயாரித்த நிறுவனத்தின் பெயர் திரையில் வருவது இந்தக் கட்டத்தில். அடுத்து டிஸ்க்கில் உள்ள பூட் லோடர் என்ற சிறு நிரல் விண்டோஸை எழுப்புகிறது. விண்டோஸின் மையப்பகுதியும், திரை, டிஸ்க், ஒலி போன்றவற்றை இயக்கும் டிரைவர்களும் ஒவ்வொன்றாக ஏறுகின்றன. இறுதியில் பாஸ்வேர்டு கேட்கும் திரை வருகிறது.

விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது பயன்பாட்டில் உள்ள அதன் சொந்தக் கோப்புகளை மாற்ற முடியாது. அதனால்தான் அப்டேட் முக்கியமான வேலைகளை அணைக்கும்போதும் மறுபடி தொடங்கும்போதும் செய்கிறது. அந்த நேரத்தில் மின்சாரம் போனாலோ, சி டிரைவில் இடம் போதாவிட்டாலோ, பழைய டிரைவர் ஒன்று புதிய கோப்போடு ஒத்துப்போகாவிட்டாலோ, ஆன்டிவைரஸ் குறுக்கிட்டாலோ வேலை நடுவில் நின்றுவிடும். ஏற்கெனவே தேய்ந்துபோன டிஸ்க், அப்டேட்டின் அதிக எழுத்து வேலையைத் தாங்காமல் அன்று படுத்துவிடுவதும் உண்டு. சில சமயம் அனுப்பப்பட்ட அப்டேட்டிலேயே பிழை இருக்கும்.

உலகம் கண்ட உதாரணம்

2024 ஜூலை 19 அன்று நடந்ததைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு, இந்திய நேரம் காலை 9.39 மணிக்கு ஒரு சிறு அப்டேட் வந்தது. அதை வாங்கிய விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன, மறுபடி தொடங்கின, மறுபடி நின்றன. நிறுவனம் 78 நிமிடத்தில் அதைத் திரும்பப் பெற்றது. அதற்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. விமானங்கள் ரத்தாயின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

அது விண்டோஸின் சொந்த அப்டேட் அல்ல. ஆனால் தீர்வு நம் பாடத்துக்கு நேராகப் பொருந்துகிறது. கணினியை 'சேஃப் மோடு' என்ற குறைந்தபட்ச நிலையில் தொடங்கி, பழுதான ஒரே ஒரு கோப்பை அழித்துவிட்டு, மறுபடி தொடங்க வேண்டும். அவ்வளவுதான். யாரும் டிஸ்க்கை அழிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் டிஸ்க் பூட்டப்பட்டிருந்த கணினிகளில் பூட்டைத் திறக்கும் எண்ணைத் தேடுவதே பெரும்பாடாயிற்று. அந்த எண்ணைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

முதல் வேலை: பொறுமை

அப்டேட் 30 சதவீதத்திலோ 98 சதவீதத்திலோ நின்றுவிட்டதுபோல் தெரியலாம். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் பெரிய அப்டேட்டுக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆவது சாதாரணம். டிஸ்க்கைக் குறிக்கும் சிறு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். அதுவரை பிளக்கைப் பிடுங்காதீர்கள். லேப்டாப்பாக இருந்தால் சார்ஜரில் போட்டுவிட்டு விலகி நில்லுங்கள். 'அன்டூயிங் சேஞ்சஸ்' என்று வந்தால் விண்டோஸ் தானே பழைய நிலைக்குத் திரும்புகிறது; அதையும் தடுக்கக் கூடாது. பல மணி நேரமாக விளக்கும் மினுக்கவில்லை, திரையும் மாறவில்லை என்றால் மட்டுமே பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி அணைக்கலாம்.

அடுத்து, திரையில் என்ன வந்தாலும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீலத்திரையின் கீழே ஒரு குறியீடும், சில வேளை ஒரு கோப்பின் பெயரும் இருக்கும். அந்த இரண்டு சொற்கள் பாதி நோயைச் சொல்லிவிடும். விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் இந்தத் திரை கறுப்பாக வரும், பொருள் ஒன்றுதான்.

எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

அப்டேட் நடந்த மறுநாள் கணினி நின்றால் அப்டேட்டின் மீதே பழி விழுகிறது. எல்லா நேரமும் அது சரியல்ல. மேலே சொன்ன வரிசையில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

1. விளக்கு எரியவில்லை, விசிறி சுழலவில்லை. இது மின்சாரப் பிரச்சினை. அடாப்டர், வயர், பவர் சப்ளை ஆகியவற்றைப் பாருங்கள். லேப்டாப்பில் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மறுபடி சார்ஜர் மாட்டித் தொடங்கிப் பார்க்கலாம்.

2. விசிறி சுழல்கிறது, ஆனால் நிறுவனத்தின் பெயர்கூட வரவில்லை. மானிட்டர் கேபிளையும் ராம் பலகையையும் சந்தேகிக்க வேண்டும். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, தெரிந்தவரைக் கொண்டு ராமைக் கழற்றி மாட்டினால் பல நேரம் சரியாகும்.

3. பெயர் வருகிறது, பிறகு 'நோ பூட் டிவைஸ்' என்கிறது. முதலில் செருகியிருக்கும் பென் டிரைவை எடுத்துவிடுங்கள். பிறகு பயாஸுக்குள் சென்று டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் கேபிள் தளர்ந்திருக்கலாம், டிஸ்க் கெட்டிருக்கலாம். தேதி பல வருடம் பின்னோக்கிப் போயிருந்தால் மதர்போர்டில் உள்ள 2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. அது தீர்ந்தால் மின்வெட்டுக்குப் பின் பயாஸ் தன் அமைப்புகளை மறந்து, எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நிற்கும். விலை மலிவான இந்த பேட்டரிக்காக டிஸ்க்கை ஃபார்மட் செய்வது எவ்வளவு அநியாயம்!

4. விண்டோஸ் சின்னம் வருகிறது, புள்ளிகள் சுழன்றுகொண்டே இருக்கின்றன. அல்லது நீலத்திரை வருகிறது. அல்லது தானே அணைந்து அணைந்து தொடங்குகிறது. அப்டேட்டை நியாயமாகச் சந்தேகிக்க வேண்டிய இடம் இதுதான்.

5. 48 இலக்க எண் கேட்கிறது. இது பழுது அல்ல, பூட்டு.

6. பாஸ்வேர்டு கொடுத்த பின் கறுப்புத் திரையும் மவுஸ் அம்பும் மட்டும் தெரிகின்றன. விண்டோஸ் தொடங்கிவிட்டது, பெரும்பாலும் திரை டிரைவர்தான் தடுமாறுகிறது. விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் அந்த டிரைவர் புதிதாகத் தொடங்கும்.

டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்ற சத்தம் வந்தால் மேற்கொண்டு எந்த முயற்சியும் வேண்டாம். உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் செய்யும் ஒவ்வொரு பழுதுபார்ப்பும் மிச்சத்தையும் கெடுக்கும்.

மீட்புத் திரையில் செய்ய வேண்டியவை

நான்காவது வகைக்கு விண்டோஸிலேயே மருந்து இருக்கிறது. பிரிண்டர், பென் டிரைவ், வெளி டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு விசைப்பலகையையும் மவுஸையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து சில முறை தொடங்க முடியாமல் போனால் விண்டோஸ் தானே மீட்புத் திரையைக் காட்டும். காட்டாவிட்டால், விண்டோஸ் சின்னம் வந்ததும் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி அணையுங்கள். இப்படி இரண்டு அல்லது மூன்று முறை செய்தால் அடுத்த முறை மீட்புத் திரை வரும். அப்டேட் சதவீதம் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் இதைச் செய்யக் கூடாது.

அதில் 'டிரபிள்ஷூட்', அதற்குள் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்று செல்லுங்கள். கீழ்க்கண்ட வரிசையில், ஒன்று முடிந்து கணினியைத் தொடங்கிப் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும்.

முதலில் 'ஸ்டார்ட்டப் ரிப்பேர்'. தொடங்கும் வழியில் உள்ள சிறு கோளாறுகளை இது தானே சரிசெய்யும். ஒரு முறை ஓடவிட்டால் போதும். பயனில்லாவிட்டால் திரும்பத் திரும்ப ஓட்டுவதில் அர்த்தமில்லை.

இரண்டாவது 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'. இதில் இரு வகை காட்டும். 'குவாலிட்டி அப்டேட்' என்பது மாதந்தோறும் வரும் சிறு திருத்தம். 'ஃபீச்சர் அப்டேட்' என்பது பதிப்பையே மாற்றும் பெரிய அப்டேட். அண்மையில் வந்தது எதுவோ அதை நீக்குங்கள். தெரியாவிட்டால் சிறியதிலிருந்து தொடங்குங்கள். பெரிய அப்டேட்டை வழக்கமாகப் பத்து நாள்களுக்குள் மட்டுமே திரும்பப் பெற முடியும். ஆகவே 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று கணினியை மூலையில் வைத்துவிடாதீர்கள்.

மூன்றாவது சேஃப் மோடு. 'ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ்' என்பதை அழுத்தி மறுபடி தொடங்கினால் ஒரு பட்டியல் வரும். அதில் 4ஐ அழுத்துங்கள். கணினி இதில் ஒழுங்காகத் தொடங்கினால் விண்டோஸின் அடித்தளம் நன்றாக இருக்கிறது, கூடுதலாகச் சேர்ந்த ஏதோ ஒன்றுதான் கெடுக்கிறது என்று அறியலாம். கடைசியாகப் போட்ட ஆன்டிவைரஸை நீக்குங்கள். புதிதாக மாறிய டிரைவரைப் பழையதற்கு மாற்றுங்கள். சி டிரைவ் நிரம்பியிருந்தால் இடம் ஒழியுங்கள். அதற்கெல்லாம் முன்பாக, கைக்கு எட்டிய இந்த வேளையில் முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது 'சிஸ்டம் ரெஸ்டோர்'. முந்தைய தேதி ஒன்றுக்கு விண்டோஸின் அமைப்புகளைத் திருப்பும். நம் சொந்தக் கோப்புகளைத் தொடாது. சில கணினிகளில் இந்த வசதி அணைக்கப்பட்டிருக்கும். அப்போது திரும்பிப் போக எந்தத் தேதியும் காட்டாது.

மீட்புத் திரையே வராவிட்டால், வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவியைக் கொண்டு விண்டோஸ் பென் டிரைவ் ஒன்று தயாரித்து அதிலிருந்து தொடங்கலாம். 8 ஜிபி பென் டிரைவ் போதும். அதில் முன்பு இருந்தவை அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். தொடங்கியதும் 'இன்ஸ்டால்' என்பதை அழுத்தாமல் 'ரிப்பேர்' என்பதைத் தேடி அழுத்த வேண்டும். இந்தப் பென் டிரைவ் ஏன் தேவை என்பதற்கு அண்மைய சான்று உண்டு. 2025 அக்டோபர் 14 அன்று வந்த விண்டோஸ் 11 அப்டேட்டுக்குப் பின், மீட்புத் திரையில் மட்டும் யுஎஸ்பி விசைப்பலகையும் மவுஸும் இயங்கவில்லை. திரை தெரியும், எதையும் அழுத்த முடியாது. அக்டோபர் 20 அன்று மைக்ரோசாஃப்ட் தனித் திருத்தம் அனுப்பியது.

48 இலக்க எண்

புதிய லேப்டாப்புகள் பலவற்றில் டிஸ்க் முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். பிட்லாக்கர் என்பது அதன் பெயர். நாம் அதைப் போட்டதாக நினைவே இருக்காது. மைக்ரோசாஃப்ட் கணக்கு கொடுத்து லேப்டாப்பைத் தொடங்கியபோதே பூட்டு தானாக விழுந்திருக்கும். திருடன் கையில் லேப்டாப் கிடைத்தாலும் உள்ளே பார்க்க முடியாது என்பது இதன் நன்மை. சில அப்டேட்டுகளுக்குப் பின்னும், பயாஸில் மாற்றம் செய்த பின்னும் அது உரிமையாளரிடமே 48 இலக்க எண்ணைக் கேட்கும்.

பதற வேண்டாம். லேப்டாப்பைத் தொடங்கியபோது கொடுத்த அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில், கைப்பேசி வழியாக நுழைந்து, சாதனங்கள் பகுதியில் பார்த்தால் எண் இருக்கும். திரையில் தெரியும் அடையாளக் குறியின் முதல் எட்டு எழுத்துகளும் கணக்கில் உள்ளதும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அலுவலகக் கணினியாக இருந்தால் கணினிப் பொறுப்பாளரிடம் இருக்கும்.

அந்த எண் கிடைக்காவிட்டால் உள்ளே இருப்பதை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாலும் திறக்க முடியாது. கணக்கைத் தொடங்கியது கடைக்காரரின் மின்னஞ்சலிலா, அண்ணனின் கைப்பேசி எண்ணிலா என்று இன்றே விசாரித்துக்கொள்ளுங்கள். எண்ணைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்தில் வையுங்கள். லேப்டாப் பையில் வைக்காதீர்கள்.

கோப்புகள் முதலில், கணினி பிறகு

மேலே சொன்ன எதுவும் பலிக்காவிட்டால் விண்டோஸைப் புதிதாகப் போடத்தான் வேண்டும். அதற்கு முன் கோப்புகளை வெளியே எடுத்துவிட வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமல் 'டிரை' என்ற நிலையில் ஓட்டினால், விண்டோஸ் டிஸ்க்கைத் திறந்து கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு நகலெடுக்கலாம். இரண்டு, டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி உறையில் போட்டு வேறு கணினியில் மாட்டலாம். பிட்லாக்கர் இருந்தால் இரண்டுக்கும் அந்த எண் வேண்டும்.

பிறகு 'ரீசெட் திஸ் பிசி'. அதில் 'கீப் மை ஃபைல்ஸ்' என்பது நம் கோப்புகளை வைத்துக்கொண்டு, நாம் போட்ட மென்பொருள்களை நீக்கும். 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பது எல்லாவற்றையும் அழிக்கும். முதலாவதைத் தேர்ந்தாலும் நகல் இல்லாமல் இறங்காதீர்கள். கணக்கு மென்பொருள்கள் சில, தங்கள் தரவை நம் கோப்புறைக்கு வெளியே வைத்திருக்கும். மென்பொருளோடு அதுவும் போய்விடலாம்.

கடையில் கொடுப்பதானால், "கோப்புகள் எல்லாம் வேண்டும், என்னிடம் கேட்காமல் ஃபார்மட் போட வேண்டாம்" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எந்தக் கோப்புறைகள் முக்கியம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நம் பயிற்சி மையத்தில் படித்து இந்தத் தொழிலுக்குப் போகும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்கிறோம். மேசைக்கு வரும் ஒவ்வொரு டிஸ்க்கும் அமானிதம். ஃபார்மட் போடுவது உங்களுக்கு ஒரு மணி நேர வேலை. உள்ளே இருப்பது ஒருவருடைய பல வருட உழைப்பு. அதில் உள்ள படங்களையும் கடிதங்களையும் திறந்து பார்க்கும் உரிமையும் நமக்கு இல்லை.

அப்படியானால் அப்டேட்டே வேண்டாமா?

இவ்வளவையும் படித்த பின் சிலருக்கு இப்படித் தோன்றும். 2017 மே 12 அன்று வான்னகிரை என்ற பணயத் தீநிரல் சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை, மைக்ரோசாஃப்ட் தன் ஆதரவில் இருந்த பதிப்புகளுக்கு அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டவர்கள் தப்பினார்கள். அப்டேட்டால் நின்ற கணினியை மீட்க வழி இருக்கிறது; திருடர்கள் பூட்டிய கோப்புகளை மீட்க பெரும்பாலும் வழி இல்லை.

ஆகவே அப்டேட்டை நிறுத்தாதீர்கள். நேரத்தை நீங்கள் முடிவு செய்யுங்கள். தேர்வு, விண்ணப்பம், கணக்கு முடிக்கும் வாரங்களில் செட்டிங்ஸில் 'பாஸ்' கொடுத்து 35 நாள் வரை தள்ளிப்போடலாம். அவசர வேலை இல்லாத நாளில், சார்ஜர் அல்லது யுபிஎஸ் இணைப்பில், சி டிரைவில் 20 ஜிபியாவது காலியாக வைத்துக்கொண்டு ஓடவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக பேக்கப். 2018 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10இன் ஒரு பெரிய அப்டேட், சிலருடைய சொந்தக் கோப்புகளையே அழித்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் சில நாள்களில் அதை நிறுத்தி, திருத்தி, நவம்பரில் மறுபடி வெளியிட்டது. அரிதாக நடப்பதுதான், ஆனால் நமக்கு நடந்தால் அதற்கு மாற்று, வேறிடத்தில் உள்ள நகல் ஒன்றே. முக்கியமானவை மூன்று இடங்களில் இருக்கட்டும்: கணினியில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, வேறு வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. வெளி டிஸ்க்கை நகலெடுத்ததும் கழற்றிவிட வேண்டும். மாட்டியே இருந்தால் தீநிரல் அதையும் சேர்த்துப் பூட்டும். நிக்காஹ் பதிவேட்டையும் சந்தா கணக்கையும் கணினியில் வைத்திருக்கும் ஜமாஅத் அலுவலகங்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

பாடத்தை ஒட்டிய வினாக்கள்

1. உங்கள் கணினியில் பிட்லாக்கர் இருக்கிறதா? இருந்தால் அதன் 48 இலக்க எண் எங்கே இருக்கிறது?
2. இன்று இரவு உங்கள் டிஸ்க் நின்றுபோனால் எந்தத் தேதி வரையிலான நகல் உங்களிடம் இருக்கிறது?
3. நிறுவனத்தின் பெயர் வந்த பின் 'நோ பூட் டிவைஸ்' என்று கணினி நிற்கிறது. அப்டேட்டைச் சந்தேகிக்கும் முன் எந்த நான்கைப் பார்ப்பீர்கள்?
4. மீட்புத் திரையில் செய்ய வேண்டிய நான்கையும் வரிசை மாறாமல் சொல்ல முடியுமா?

முதல் இரண்டு கேள்விகளுக்கு இன்றே பதில் தேடி வையுங்கள். கணினி நின்ற பிறகு அவற்றுக்குப் பதில் தேடுவது மிகவும் கடினம்.